இலை வந்தது, வெங்காயம் எங்கே?

பாலக்காடு கல்பாத்தியில் தேர் பார்க்க வருகிறவர்கள் வீடுகளின் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிய ஓட்டு வீடுகள், திண்ணை, வாசலில் கோலம். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒடுங்கி நீண்ட ஒரு கொல்லை உண்டு. கிணற்றடியில் வாழை, மதிலோரம் கறிவேப்பிலை, இரண்டு தென்னை. இப்போதெல்லாம் வரிசையாக க்ரோ பேக். விசேஷ நாட்களிலும் விரத நாட்களிலும் வெங்காயம் அடுக்களைக்குள் வராத வீடுகள் இங்கே நிறைய. அந்த வீட்டுக் கொல்லைகளிலும் மற்ற நாட்களுக்காக நாலு வெங்காயம் நட்டுப் பார்க்கிறார்கள்.

வெண்டையும் பாகலும் ஒழுங்காகக் காய்க்கிற அதே மண்ணில் வெங்காயம் மட்டும் அடம்பிடிக்கும். பச்சைத் தாள் நன்றாக வரும். ஆசையோடு பிடுங்கிப் பார்த்தால் அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளையாக ஏதோ இருக்கும். அதை வெங்காயம் என்று சொல்ல மனசு வராது.

"இலை வந்ததே, வெங்காயம் ஏன் வரவில்லை?" என்று கேட்கிற பிள்ளைகளே, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு வெங்காயம் வேண்டும். பெரியவர் யாரையாவது கூப்பிட்டு, அதை மேலிருந்து அடிவரை நெடுக்காக இரண்டாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். வட்ட வட்டமாக அல்ல, நெடுக்காக.

இப்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். வேர்கள் தொங்கும் இடத்தில் நகத்தின் அளவுக்கு வெள்ளையாக, கெட்டியாக ஒரு தட்டு தெரிகிறதா? அதுதான் வெங்காயச் செடியின் தண்டு. அவ்வளவுதான் தண்டு. அதன் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்ந்திருக்கும் தடித்த அடுக்குகள் ஒவ்வொன்றும் ஓர் இலையின் அடிப்பாகம். தோட்டத்தில் பச்சைக் குழாயாக நின்றதே, அந்த இலையேதான் கீழே வரும்போது வெளுத்துத் தடித்து, உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓர் அடுக்காகிறது. மேலே சருகாக உரிகிற சிவப்புத் தோலும் காய்ந்துபோன இலையடிதான். நட்டநடுவே இளம்பச்சையாக எட்டிப் பார்ப்பது அடுத்து வரவேண்டிய குருத்து.

வெங்காயம் வேரும் அல்ல, காயும் அல்ல. அது இலை. அதனால் அது பருக்கத் தொடங்குவதற்கு முன் செடி எத்தனை நல்ல இலைகளை விட்டதோ, அத்தனை அடுக்குகள் கிடைக்கும். இலை நாலோடு நின்றால் வெங்காயம் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். கொல்லையில் வரும் தொந்தரவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இலைக்கு என்ன ஆனதோ அதுதான் வெங்காயத்துக்கும் ஆகும்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கிற விஷயத்திலிருந்து தொடங்குவோம். மழைக்காலத்தில் கூடையின் அடியில் கிடந்த ஒரு சவாளை முளைவிட்டுவிடும். (பாலக்காட்டில் சவாளை என்றால் கிழக்கே கோயம்புத்தூரில் பெரிய வெங்காயம், தெற்கே போனால் பல்லாரி, எல்லாம் ஒன்றுதான்.) தூக்கிப் போட மனசில்லாமல் அதைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் நடுவோம். இலை மளமளவென்று வரும். ஒரு மாதம் கழித்துப் பிடுங்கினால், நட்ட வெங்காயமே சுருங்கிச் சக்கையாகியிருக்கும்.

இதில் யார் மீதும் குற்றமில்லை. பெரிய வெங்காயம் இரண்டு பருவம் வாழ்கிற செடி. முதல் பருவத்தில் விதையிலிருந்து வளர்ந்து, உணவைச் சேர்த்து வெங்காயம் ஆகிறது. கடையில் நாம் வாங்குவது அந்த முதல் பருவத்தை முடித்துவிட்ட செடி. இரண்டாம் பருவத்தில் அது சேமிப்பையெல்லாம் செலவழித்து, உயரமாக ஒரு பூந்தண்டை நிறுத்தி, உருண்டையாக வெள்ளைப் பூங்கொத்து பூத்து, கறுப்பு விதை கொடுத்துவிட்டு முடிந்துபோக வேண்டும். பூக்கத் தேவையான குளிர் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்றாகப் பிரிந்து மெல்லிசாக இலை விடும். முளைத்த சவாளையை நட்டுப் புதிதாகப் பெரிய சவாளை எடுக்க முடியாது. வெங்காயத்தாள் கிடைக்கும்; அதை நறுக்கிப் பொரியலில் போடலாம். அதற்காக நடுவதென்றால் தாராளமாக நடுங்கள். பெரிய வெங்காயம் வேண்டுமென்றால் விதையிலிருந்து நாற்று விட்டுத்தான் ஆகவேண்டும். அந்த விதையும் புது விதையாக இருக்கவேண்டும். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் ஒரு வருஷம் கிடந்த விதையில் பாதிகூட முளைக்காமல் போகலாம்.

சின்ன வெங்காயத்தின் கதை வேறு. அதன் தட்டுத் தண்டில் பக்கமொட்டுகள் பல இருக்கும். ஒன்றை நட்டால் ஒவ்வொரு மொட்டும் தனித்தனிக் குடும்பமாகி, கொத்தாக நாலைந்து, சில சமயம் பத்துக்கும் மேல் வரும். தமிழ்நாட்டு உழவர்கள் பெரும்பாலும் வெங்காயத்தையே விதையாக நடுவதற்குக் காரணம் இதுதான். சமவெளிச் சூட்டில் பழைய வகைகள் சரியாகப் பூக்காமல் இருந்ததும் ஒரு காரணம். பிறகு கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பூத்து விதை கொடுக்கிற கோ 5 என்ற சின்ன வெங்காய வகையை உருவாக்கியது. கொல்லையில் முதன்முதலாக முயற்சி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன வெங்காயம்தான். அறுபத்தைந்து எழுபது நாளில் பலன் தெரிந்துவிடும். பெரிய வெங்காயம் நாலு மாதத்துக்கு மேல் காக்க வைக்கும்.

அடுத்தது வெளிச்சம். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வெங்காயத்திடம் எனக்குப் பெரிய மரியாதை வந்தது இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

வெங்காயச் செடி பகல் எவ்வளவு நீளம் என்று அளக்கிறது. அளப்பது இலை. பகல் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தொடும் வரை அது புதுப்புது இலைகளாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்த எல்லையைத் தொட்டதும், "போதும், இனிச் சேமிக்கலாம்" என்கிற செய்தி இலையிலிருந்து அடிக்குப் போகும். இலையடிகள் தடிக்கத் தொடங்கும். செடிகள் பகலிரவை அளக்கின்றன என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்கள் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள். வெயில்காலம் முழுக்கப் பூக்காமல் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையை, சாயங்காலம் ஆவதற்கு முன்பே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவைத்துப் பூக்க வைத்தார்கள். 1920-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. வெங்காயத்துக்குள் இந்தச் செய்தியைக் கொண்டுபோவது எது என்பது 2013-ல்தான் தெரிந்தது. நியூசிலாந்து விஞ்ஞானிகள் இலையில் உருவாகும் சில புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, பகல் குட்டையாக இருக்கும்வரை பருக்காமல் தடுக்கிறது. இன்னொன்று, பகல் நீண்டதும் பருக்கச் சொல்கிறது. குளிரைக் கடந்த பிறகு பூக்கச் சொல்வது வேறொன்று.

எல்லா வெங்காயத்துக்கும் ஒரே எல்லை கிடையாது. நெதர்லாந்து, இங்கிலாந்து போன்ற வடக்கு நாடுகளின் வகைகளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். இந்திய வகைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் போதும்.

கல்பாத்தியில் பகல் எவ்வளவு நீளம்? இதற்குக் கடிகாரம் வைத்துக்கொண்டு விடியலில் எழுந்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பஞ்சாங்கம் இருக்கும். அதில் 'அகஸ்' என்று ஒரு கட்டம் போட்டு நாழிகையும் வினாடியுமாக எண்கள் கொடுத்திருப்பார்கள். திதியும் நட்சத்திரமும் பார்க்கிறவர்கள் பல பேர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அகஸ் என்பது பகலின் நீளம். ஒரு நாழிகை 24 நிமிடம். 30 நாழிகை என்றால் சரியாக 12 மணி நேரம். மார்கழியில் ஒரு பக்கம், ஆனியில் ஒரு பக்கம் எடுத்து அந்த எண்ணை எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்பாத்தி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே ஆண்டின் மிகக் குட்டையான பகல் ஏறக்குறைய 11½ மணி நேரம், அதாவது 28¾ நாழிகைக்குப் பக்கம். மிக நீண்ட பகல் 12¾ மணி நேரம், கிட்டத்தட்ட 32 நாழிகை. உங்கள் பஞ்சாங்கம் சென்னைக்கோ வேறு ஊருக்கோ கணக்கிட்டதாக இருந்தால் சில நிமிடங்கள் மாறும். ஆம்ஸ்டர்டாமில் ஜூன் மாதப் பகல் 42 நாழிகை!

இப்போது நீங்களே கண்டுபிடிக்கலாம். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அழகான விதைப் பாக்கெட். முன்னால் கால்பந்து அளவுக்கு மஞ்சள் வெங்காயம் படம் போட்டிருக்கிறது. அந்தச் செடி பதினான்கு மணி நேரப் பகலுக்காகக் காத்திருக்கிறது. கல்பாத்தியில் எந்த மாதமும் அப்படி ஒரு பகல் வராது. தண்ணீரும் எருவும் எவ்வளவு கொடுத்தாலும் அது இலை விட்டுக்கொண்டே காத்திருக்கும். விதை கெட்ட விதை அல்ல, ஊர்தான் வேறு. நம் ஊருக்கு வாங்குவதென்றால் அர்கா கல்யாண், அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட் போல இந்தியாவிலேயே உருவாக்கிய வகைகளைக் கேட்டு வாங்குங்கள்.

பகலின் நீளம் வேறு, வெயில் எவ்வளவு படுகிறது என்பது வேறு. இரண்டும் வேண்டும். அடுக்குகளை நிரப்பும் சர்க்கரையை இலை வெயிலில்தான் சமைக்கிறது. அக்கிரகாரத்துக் கொல்லையில் இரண்டு பக்கமும் மதில், மேலே தென்னையும் மாவும். காலையில் இரண்டு மணி நேரம் எட்டிப் பார்க்கிற வெயில் வெங்காயத்துக்குப் போதாது. ஒரு விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொல்லைக்குப் போய், வெயில் விழும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் கிடைக்கிற இடம் எது என்று தெரிந்துவிடும். கொல்லையில் அப்படி இடமே இல்லையென்றால், மொட்டை மாடி உள்ளவர்கள் க்ரோ பேக்கை அங்கே கொண்டுபோகலாம்.

வெங்காயத்தின் பங்காளியான பூண்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுக்களைப் பூண்டை நட்டு ஏமாந்தவர்களும் உண்டு. பூண்டு பற்களாகப் பிரிவதற்குக் குளிர் வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மலைமேல் காந்தளூர், வட்டவடை என்று ஊர்கள் இருக்கின்றன. தமிழ் பேசும் உழவர்கள் நிறைந்த ஊர்கள். அந்தக் குளிரில் விளைகிற பூண்டு காரத்துக்கும் மணத்துக்கும் பேர்போனது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதே பூண்டைக் கல்பாத்தியில் நட்டால் இலைதான் மிஞ்சும்.

இனி ஒரு புதிர். கல்பாத்தியிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் கோயம்புத்தூர். அதைச் சுற்றியுள்ள தொண்டாமுத்தூர், பொங்கலூர்ப் பக்கங்களில் சின்ன வெங்காயம் ஏக்கர் ஏக்கராக விளைகிறது. பகலின் நீளம் அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் அங்கே எளிது, இங்கே கஷ்டம்?

முதல் காரணம் மழை. பாலக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. கோயம்புத்தூருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கும் மழை ஆவணி வரை விடாது. ஐப்பசியில் துலாவர்ஷம் மறுபடி வரும். வெங்காயத்தின் வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளை நூல் நூலாக, கிளை அதிகம் இல்லாமல், ஒரு சாண் ஒன்றரைச் சாண் ஆழத்துக்குள் முடிந்துவிடும். மற்ற செடிகளின் வேரில் இருக்கும் மெல்லிய ரோமங்களும் இதில் மிகக் குறைவு. அதனால் மேல்மண் காய்ந்தால் உடனே வாடும். மேல்மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். தேங்கிய ஈரம் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கும் வசதி. அது தட்டுத் தண்டைத் தாக்கி அழுகச் செய்யும். இலை நுனியிலிருந்து மஞ்சளாகிக் கீழே இறங்கும்; பிடித்து இழுத்தால் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டுச் செடி கையோடு வந்துவிடும். அடித்தாள் அழுகல் என்று இதைச் சொல்வார்கள். இந்தப் பூஞ்சை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் ஒரு தடவை அழுகிய இடத்தில் மறுபடி வெங்காயமோ பூண்டோ நடாதீர்கள். பயறு போடுங்கள், வெண்டை போடுங்கள்.

மழையே அடுத்த தொந்தரவையும் கொண்டுவருகிறது. இத்தனை மழை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெய்து, மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து ஆற்றுக்குக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சி நிற்கும் செம்மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண். வெங்காயத்துக்கு அமிலம் ஆகாது. வேர் சரியாக ஓடாது, செடி குன்றி நிற்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கலந்து ஈரமாக வைத்தால் புளிப்பு குறையும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகத்தில்) மண்ணைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்பு கண்ணிலும் கையிலும் எரியும், அந்த வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எப்போது நடுவது? துலாவர்ஷம் ஓயத் தொடங்கும் சமயம். கல்பாத்தியில் அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது: ஐப்பசிக் கடைசியில், நவம்பர் நடுவில் தேர். அதை ஒட்டி நட்டால் தைக்குள் வெங்காயம் எடுக்கலாம். ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தியை மேடாக்குங்கள். க்ரோ பேக் என்றால் அடியில் துளை அடைபடாமல் இருக்கவேண்டும். சின்ன வெங்காயத்தை நாலு விரல், ஐந்து விரல் இடைவெளியில், கழுத்து மண்மட்டத்தில் தெரிகிற மாதிரி ஊன்றுங்கள். முழுக்கப் புதைத்துவிடுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது. அப்படிப் புதைந்தது பருக்க இடமில்லாமல் நீளவாக்கில் போகும், அழுகவும் செய்யும். அறுவடையான உடனே நட்டால் முளைக்காது, வெங்காயம் உறக்கத்தில் இருக்கும். ஒன்றிரண்டு மாதம் காற்றில் கிடந்ததைப் பார்த்து எடுங்கள்.

இரண்டாம் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக வந்துகொண்டிருக்கும்போது பாலக்காட்டில் மட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகை பிறந்ததும் இதன் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். கதவு அடிபடும், உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அரை மணியில் மொடமொடக்கும். அந்தச் சமயத்தில்தான் நம் வெங்காயம் பாத்தியில் இளசாக நிற்கிறது. க்ரோ பேக் ஒரே நாளில் காய்ந்துவிடும். வாரக்கணக்கில் மறந்துவிட்டு ஒரு நாள் குடம் குடமாக ஊற்றினால் வெங்காயம் வெடிக்கும், இரண்டாகப் பிளக்கும். சீராக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும்.

வறட்சியோடு வருகிற விருந்தாளி ஒருவர் இருக்கிறார். இலையில் வெள்ளி பூசிய மாதிரி கோடு கோடாகத் தெரியும். "பனி பட்டு வெளுத்திருக்குடா" என்று வீட்டில் சொல்வார்கள். பனி அல்ல. ஒரு வெள்ளைக் காகிதத்தை இலைக்கடியில் பிடித்துக்கொண்டு செடியை மெதுவாகத் தட்டுங்கள். காகிதத்தில் மஞ்சளும் பழுப்புமாகத் துகள்கள் விழும். கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். சில துகள்கள் நடக்கும்!

அதுதான் இலைப்பேன். நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவு. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால், பெரிய பூச்சிகளின் முதுகில் ஓரங்களில் ரோமம் வைத்த மெல்லிய இறக்கைகள் தெரியும். அதன் வாயில் இருக்கிற விசித்திரம் வேறு எந்தப் பூச்சிக் கூட்டத்திலும் இல்லை: இடது தாடை மட்டும்தான் வளர்ந்திருக்கிறது, வலது தாடை இல்லை. அந்த ஒற்றைத் தாடையால் இலையின் தோலைக் குத்திக் கிழித்து உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்சுகிறது. சாறு போன செல்லுக்குள் காற்று புகுந்துகொள்கிறது. காற்று நிறைந்த காலிச் செல்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் இலை வெள்ளியாக மின்னுகிறது. ஒவ்வொரு வெள்ளிக் கோடும் சர்க்கரை சமைக்க முடியாமல் போன இடம். இலை குறைந்தால் அடுக்கு மெலியும் என்று முன்பே பார்த்தோமே.

இலைப்பேன் குடியிருக்கும் இடம் நடுக்குருத்துக்கு அருகில், இலைகள் பிரிகிற இடுக்கு. அங்கே வெயிலும் படாது, எதிரியும் எளிதில் வராது. பெண்பூச்சிகள் ஆண் இல்லாமலே குஞ்சு பொரிக்கும். சூடான நாட்களில் முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டையிடும் வயதுக்கு வர இரண்டு மூன்று வாரம் போதும். மழை அடித்தால் கழுவிக்கொண்டு போகும். கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை. ஆகவே மழையின் வேலையை நாம் செய்யவேண்டும். காலையில் இடுக்கு நனைகிற மாதிரி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். வெயிலுக்குள் இலை காய்ந்துவிடும்.

அது போதாவிட்டால் கேரளத்துக் கொல்லைகளில் எல்லோரும் செய்கிற வேப்பெண்ணெய் - பூண்டுக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டை அரைத்த சாறு, கொஞ்சம் சோப்பு. சோப்பு எதற்கு என்று ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெங்காய இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பிலையில் உருள்கிற மாதிரி உருண்டு கீழே போய்விடும். இலைமேல் சாம்பல் பூத்த மாதிரி மெழுகு படிந்திருப்பதுதான் காரணம். இப்போது சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். உருளாமல் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெயையும் தண்ணீரோடு கலக்க வைக்கிறது. சோப்பு இல்லாமல் தெளித்த மருந்தில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகும். மெழுகு குறைந்து பளபளவென்றிருக்கும் வெங்காய வகைகளில் இலைப்பேன் குறைவாகவே தங்குகிறது என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் புனேவுக்கு அருகே ராஜகுருநகரில் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் என்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெங்காய வயலைச் சுற்றி மக்காச்சோளத்தை வேலியாக நெருக்கி நடச் சொல்கிறார்கள் அங்கே. இலைப்பேன் நன்றாகப் பறக்கத் தெரியாத பூச்சி, காற்றில் மிதந்து வருவது. உயரமான பயிர் அதைத் தடுத்துவிடும். நம் ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்பது நமக்குத் தெரியும். பாத்திக்குக் கிழக்கே, தேருக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டுவையுங்கள். காலை வெயிலை மறைக்காத தூரத்தில் போடவேண்டும்.

இலைப்பேன் கிழித்த காயம் வழியாகப் பூஞ்சையும் நுழையும். இலையில் கண் வடிவத்தில் வெளுத்த புள்ளி, நடுவே ஊதா நிறம், சுற்றி மஞ்சள் வளையம். பிறகு இலை அந்த இடத்தில் ஒடிந்து தொங்கும். இது ஊதாப்புள்ளி நோய். அந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க, இலைமேல் தண்ணீர் பல மணி நேரம் நிற்கவேண்டும். ஆகவே சாயங்காலம் இலைமேல் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட்டுக் காலையில், வேருக்கு ஊற்றினால் பாதி நோய் வராது. புள்ளி வந்த இலையைக் கிள்ளிக் கொல்லைக்கு வெளியே போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். ஆடி மழையில் நட்டவர்களுக்கு இதோடு திருகல் நோயும் வரும்: இலைகள் முறுக்கிக்கொண்டு கழுத்து நீண்டுவிடும். நான் மழைக்காலத்தில் நடச் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாசம் அதிகமாகி வருகிற தொந்தரவும் ஒன்று இருக்கிறது. செடி சின்னதாக இருக்கிறதே என்று வாராவாரம் சாணமும் பிண்ணாக்குக் கரைசலும் ஊற்றுவார்கள். தழைச்சத்து கடைசி வரை கிடைத்தால் செடிக்கு இலை விடுவதை நிறுத்தத் தோன்றாது. கழுத்து மூங்கில் கணக்காகத் தடிக்கும், அடியில் பருமன் இருக்காது, எடுத்து வைத்தாலும் கழுத்து வழியாக ஈரம் இறங்கி அழுகும். மட்கிய எருவை முதலிலேயே மண்ணில் கலந்துவிடுங்கள். முதல் மாதத்துக்குள் ஒன்றிரண்டு தரம் மேலெரு போதும். அதற்கு மேல் சாணம் வேண்டாம்.

களையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. வெண்டையின் அகன்ற இலைக்கடியில் புல் வளரத் தயங்கும். வெங்காயத்தின் குழாய் இலை நிழலே தராது. கோரையும் புல்லும் அதைவிட வேகமாக வளர்ந்து வெயிலையும் எருவையும் எடுத்துக்கொள்ளும். களைக்கொத்தியால் ஆழமாகக் கொத்தினால் மேலாக ஓடும் வேர் அறுந்துவிடும். கையால் பிடுங்குங்கள், பிள்ளைகளின் விரல் இந்த வேலைக்குப் பெரியவர்கள் விரலைவிட நல்லது.

தை பிறக்கும்போது இலைகள் தாமாகக் கழுத்தில் மடங்கிச் சாயத் தொடங்கும். நோய் என்று பயந்து சிலர் மறுபடி தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அது நோய் அல்ல. நடுக்குருத்தில் புது இலை வருவது நின்றுவிட்டது, கழுத்து உள்ளீடில்லாமல் துவண்டுவிட்டது, அவ்வளவுதான். பாதிச் செடிகள் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பத்து நாள் கழித்துப் பிடுங்குங்கள். இலையை உடனே வெட்டாதீர்கள். இலையில் மிச்சமிருக்கிற சத்து கீழே இறங்கவேண்டும். கழுத்து காய்ந்து மூடவேண்டும். நிழலில், காற்றோட்டமாக, மூன்று நாலு நாள் பரப்பி வைத்தால் கிழக்குக் காற்றே காயவைத்துவிடும். இவ்வளவு நேரம் திட்டிய அந்தக் காற்று இங்கே உதவிக்கு வருகிறது. மேல்தோல் சிவந்து சலசலக்கும். அந்தத் தோலும் சும்மா இல்லை. நிறமுள்ள வெங்காயத் தோலில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் ஒன்று இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1929-லேயே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆகவே தோலை உரித்து அழகாக்கி வைக்கவேண்டாம்.

பெரம்பலூர்ப் பக்கம் உழவர்கள் வெங்காயப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். தரையிலிருந்து உயர்த்திய மேடை, பக்கங்களில் காற்றுப் புகும் தட்டி, மேலே கூரை. வறண்ட ஊரில் அது நடக்கும். கல்பாத்தியில் இடவப்பாதி மழை தொடங்கினால் காற்றே ஈரமாகிவிடும். சேமித்து வைத்த வெங்காயம் முளைக்கும், இல்லாவிட்டால் தோலுக்கடியில் கரித்தூள் மாதிரி கரும்பூஞ்சை படியும். அதனால் உங்கள் கொல்லை வெங்காயத்தை வைகாசிக்குள் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். அடுத்த தேருக்கு முன் புதிதாக விதை வெங்காயம் வாங்குங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து காய்ந்து கெட்டியாக இருக்கிறதா, அடித்தட்டை நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் நிற்கிறதா, தோலில் கறுப்புத் தூள் இல்லையா, நுனியில் பச்சை லேசாகத் தெரியத் தொடங்கியிருக்கிறதா? இத்தனைக்கும் சரி என்று வந்தால் அதைப் பைக்குள் போடலாம்.